குட்டிமாகிட்ட சொன்னது

வலது ஷூவுக்குள் காலை விட்ட பிறகுதான் ஈரம் தெரிந்தது. இடது ஷூவைப் பார்க்கவே வேண்டியதில்லை, அது எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். வலதுதான் பூனைக்குக் குறி. அவன் ஒற்றைக் காலில் நின்றபடி கழுத்தைத் திருப்பினான். ஷூ அலமாரியின் மேல்தட்டில் பூனை முன்கால்களை மார்புக்கடியில் மடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. சாம்பல் நிறம், அகல முகம், ஒரு காதில் பாதியைக் காணோம். செய்ததை மறைத்துக்கொள்கிற பழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது. சாக்ஸைக் கழற்றும்போது அவன் கை தெரியாத்தனமாக அலமாரியில் பட்டது. அவ்வளவுதான், படக்கென்று குனிந்து கட்டைவிரல் சதையில் பல்லைப் பதித்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி பழையபடி உட்கார்ந்துகொண்டது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கையை வைத்துத்தான் பிழைப்பு. கீழே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. சமையலறையில் மனைவி டம்ளருக்குள் கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நாலு எட்டு வைத்து உள்ளே போய் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனுக்கு அந்த வழக்கம் விட்டுப் போயிருந்தது. பூனையைப் பார்த்துச் சொன்னான்.

“இந்த வீட்டுல ஒண்ணு நீ இருக்கணும், இல்ல நான் இருக்கணும். என்னன்னு முடிவு பண்ணச் சொல்லு.”

கரண்டிச் சத்தம் நின்றது. அவள் வந்தாள். அவனைத் தாண்டிப் போய்ப் பூனையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பாதிக் காதில் சொன்னாள்.

“கேட்டுக்கிட்டியா குட்டிமா? ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிடலாம். சரியா?”

போவது யார், பூனையா, பூனையும் அவளுமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அப்போதே கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வேன் மறுபடி ஹாரன் அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

சும்மா சொல்லக்கூடாது, இந்த ஜாடைப் பேச்சு ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரண்டு பேருமே முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள், தனியாக இருந்து இருந்து அதற்கே பழகிப்போனவர்கள், பேச்சு லேசில் வராது. அவளுக்கு ஒரு கூரியர் கம்பெனியில் புகார் கேட்கிற வேலை. பார்சல் வரவில்லை, உடைந்து வந்தது, எவனோ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான் என்று போனில் கத்துகிறவர்களிடமெல்லாம் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போது அவள் வாயில் வார்த்தை மிச்சமிருக்காது. ஒன்றிரண்டு இருந்தாலும் அது பூனைக்கு. புகுந்த வீட்டுக்கு அவள் கொண்டுவந்தது இரண்டு சூட்கேஸும் இந்தப் பூனையும்தான். வந்த புதிதில் ஒருநாள் மெத்தைமேல் ஈரத் துண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு, “துண்டைக் கொடியில போடணும்னு சிலருக்கு யாரும் சொல்லிக் குடுக்கலபோல, குட்டிமா” என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இனிமே போட்டுடுவாராம்னு சொல்லு” என்றான். அவளும் சிரித்தாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது இரண்டு பேரும் பூனையை நடுவில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். அது மட்டும் சிரிக்கவில்லை.

வேலையிடத்தில் அவன் பூனைக்கு வைத்திருந்த பெயர் மாமியார். மனைவிக்குத் தாய் இல்லை. “மாமியார் இல்லாத வீடு, குடுத்து வச்சவன்டா நீ” என்று கூட்டாளி பொறாமைப்பட்டபோது, “அந்த இடம் காலியா இல்ல, ஆள் போட்டாச்சு” என்று கட்டைவிரலைக் காட்டினான். சொன்னதில் தப்பும் இல்லை. அவன் நாற்காலியில்தான் அது உட்காரும். சாப்பிடும்போது தட்டைப் பார்க்காது, அவன் முகத்தைப் பார்க்கும். படுக்கையில் நட்டநடுவே வந்து அவளுக்கு முகத்தையும் அவனுக்கு முதுகையும் காட்டிப் படுக்கும். தள்ளிப் பார்த்தால் கடி. அவனும் மீன் வாங்கி வைத்துப் பார்த்தான், நூலில் பந்து கட்டி ஆட்டிப் பார்த்தான். மீனைத் தின்றுவிட்டுக் கையைக் கடித்தது.

போகப் போக எல்லா விஷயமும் பூனை வழியாகப் போய்வர ஆரம்பித்தது. கேஸ் தீர்ந்தது, அவன் அண்ணன் குடும்பத்தோடு வரப்போவது, அவளுக்குத் தலைவலி, எல்லாமே அதன் காதில்தான் விழும். ஜாடையில் ஒரு சௌகரியம் உண்டு. சொன்னதை நான் சொல்லவே இல்லை என்று விட்டுவிடலாம். ஒரு கஷ்டமும் உண்டு. பதில் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க முடியாது.

அந்த வாரம் முழுக்க அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கட்டடத்தில் கதவு சென்சாரைத் துடைத்துவிட்டு, துடைத்தோமா இல்லையா என்று திரும்பவும் ஏணியேறிப் போய்ப் பார்த்தான். போகட்டுமே, இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றும். மறுநிமிஷம் அந்த ஈரத் துண்டு ஞாபகத்துக்கு வரும். இந்த வயதில் ஒருத்தி வந்து, சிரித்து, அவன் துண்டைக் கொடியில் போட வைத்திருக்கிறாள். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் அவன் யாரோடு பேசுவான்? இப்போது மட்டும் யாரோடு பேசுகிறாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

வெள்ளிக்கிழமை ஒரு அலுவலகத்தில் ஒரு அம்மா இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டார். அவன் முக்கோணச் சாவியால் மேல்மாடிக் கதவைத் திறந்து, தரையில் குப்புறப் படுத்து, இடுக்கு வழியாக உள்ளே பேசினான். “அம்மா, நான் வந்துட்டேன். இங்கதான் இருக்கேன். நீங்க வெளிய வர்ற வரைக்கும் எங்கயும் போகமாட்டேன்.” தொழிலுக்கு வந்த நாளிலிருந்து சொல்கிற வார்த்தைகள், தூக்கத்தில்கூடத் தடங்கலில்லாமல் வரும். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார் அந்த அம்மா. அதற்கு மட்டும் பதில் சொல்லக் கூடாது. ஐந்து நிமிஷம் என்று சொல்லி அது ஆறாகிவிட்டால், அப்புறம் நீ சொல்கிற எதையும் உள்ளே இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். கூட்டாளி மெஷின் ரூமில் பிரேக்கை மெல்ல விட்டுக் கொடுத்து லிஃப்டை இறக்குகிறவரை, அவன் அந்த அம்மாவிடம் பிள்ளைகளைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். வெளியே வந்தவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க வீட்டுல இருக்கிறவங்க புண்ணியம் பண்ணினவங்க, இப்படிப் பேசுறீங்களே” என்றார். மெஷின் ரூமிலிருந்து வந்திருந்த கூட்டாளி அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான். அவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பெரிய பை கட்டிலில் ஏறியது. அக்கா வீட்டில் பூனையை விட்டுவிட்டு வர ஒரு தோள்பை போதும். இது ஜிப்பை மூட முழங்காலை வைத்து அழுத்த வேண்டிய பை. குளியலறைத் தட்டில் அவனுடைய சோப்பும் பிளேடும் மட்டும் அநாதையாகக் கிடந்தன. படுக்கப் போகும்போது பார்த்தால் கட்டிலில் ஒரே ஒரு தலையணை. தன் தலையணை இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது, அக்கா வீட்டுக்கு ஒரு ராத்திரி போனாலும் மறுநாள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருவாளே தவிர, அதைத் தூக்கிக்கொண்டு போனதில்லை. இந்த முறை அதுவும் பைக்குள் போயிருந்தது. அவள் முழங்கையை மடித்துத் தலைக்கு வைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நடுவில் மாமியார். அவன் அதன் முதுகைப் பார்த்துக் கேட்டான்.

“எத்தனை நாளைக்காம்?”

பூனை வாலை ஒருமுறை தட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கூடையை எடுத்த உடனே பூனைக்கு விஷயம் விளங்கிவிட்டது. மூடி போட்ட கூடை, பூனையை மருத்துவரிடம் கொண்டுபோகும்போது மட்டும் வெளியே வருகிற கூடை. சமையலறைக்குள் பாய்ந்து, சிங்க்குக்குக் கீழே இருந்த அலமாரியில் நுழைந்து, தண்ணீர்க் குழாய் போகிற ஓட்டை வழியாக அலமாரிகளுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் மறைந்துவிட்டது. அவள் கூப்பிட்டாள், கெஞ்சினாள், மீன் டப்பாவைத் திறந்து வைத்தாள். உள்ளேயிருந்து முதலில் உறுமல் வந்தது. பிறகு வேறு மாதிரி ஒரு சத்தம், தொண்டையை யாரோ பிடித்த மாதிரி.

அவள் எழுந்து நின்றாள். டாக்ஸிக்குச் சொல்லியாகிவிட்டது, வாசலில் பை நிற்கிறது. என்ன செய்வதென்று கேட்க அவளிடம் பூனை இல்லை. கடைசியில் அலமாரியைப் பார்த்துச் சொன்னாள். “குட்டிமா, யாராவது வந்து எடுக்கச் சொல்லேன்.”

அவன் ஹாலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். மாட்டிக்கொண்டதை வெளியே எடுப்பது அவன் வேலை. எடுத்துக் கொடுத்தால் அவள் கிளம்பிவிடுவாள். இது என்னடா சோதனை என்று இருந்தது. மறுபடி அந்தத் தொண்டைச் சத்தம் வந்தது. அதற்குமேல் நிற்க முடியவில்லை, டூல் பையோடு வந்து தரையில் உட்கார்ந்தான்.

அலமாரிக்குக் கீழே சந்தை மூடியிருந்த அடிப்பலகையின் திருகுகளைக் கழற்றிப் பலகையை இழுத்து வைத்துவிட்டு, குப்புறப் படுத்து டார்ச்சை அடித்தான். தூசிக்கும் பழைய குப்பைக்கும் அந்தப் பக்கம் இரண்டு கண்கள் மின்னின. பூனையின் கழுத்துப் பட்டை குழாயைப் பிடித்திருந்த கொக்கியில் மாட்டியிருந்தது. பூனை பின்னால் இழுக்க இழுக்க அது இறுகியது. அவன் கையை உள்ளே விட்டான். விரல் பட்டைக்குப் போகிற வழியிலேயே அது கட்டைவிரலைக் கவ்வியது, அதே இடத்தில். இந்த முறை விடவில்லை. கையை இழுத்தால் பூனையும் சேர்ந்து வரும், கழுத்து இன்னும் இறுகும். அவன் கையை அப்படியே விட்டுவைத்தான்.

“நான் வந்துட்டேன்” என்றான், கன்னம் தரையில் பட. “இங்கதான் இருக்கேன். நீ வெளிய வர்ற வரைக்கும் எங்கயும் போகமாட்டேன்.”

பல் அழுத்தியது. பின்னால் மனைவியின் கால்கள் அசையாமல் நிற்பது அவனுக்குத் தெரிந்தது.

“பயமா இருக்கா? எனக்கும் பயமாத்தான் இருக்கு. உன்னை எடுத்துக் குடுத்துட்டா அவ போயிடுவா. எடுக்காமலும் இருக்க முடியாது. நான் என்னதான் பண்ணட்டும், நீயே சொல்லு.”

அவள் ஏதாவது சொல்வாள், பூனையிடம்தான் சொல்வாள் என்று அவன் காத்திருந்தான்.

“கொஞ்சம் தள்ளுங்க” என்றாள்.

பக்கத்தில் வந்து, வெளியே போகக் கட்டியிருந்த புடவையோடு தரையில் ஒருக்களித்துப் படுத்தாள். இரண்டு முகங்களும் அந்தச் சந்தின் பக்கம் திரும்பியிருந்தன.

“போகணும்னு எனக்கு ஆசையா? நீங்கதானே சொன்னீங்க.”

“பூனைகிட்ட சொன்னேன்.”

“நான் மட்டும் யார்கிட்ட சொன்னேன்?”

“தலையணையெல்லாம் எடுத்து வச்சிருக்கியே.”

“எதுக்குடி எடுத்து வச்சேன்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு பாத்தேன். ராத்திரி பூரா பாத்தேன்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “நீங்க இதோட முதுகுகிட்ட கேட்டீங்க.”

கட்டைவிரலிலிருந்து சூடாக ஏதோ மணிக்கட்டுக்கு இறங்கியது. அவள் டார்ச்சைக் கையில் வாங்கி உள்ளே சாய்த்துப் பார்த்தாள்.

“கடிக்குதா?”

“கடிக்குது.”

“கையை எடுத்துடுங்க.”

“எடுத்தா அதுக்கு இறுகும். தானா விடட்டும்.”

“எவ்வளவு நேரமாகும்?”

“தெரியல” என்றான்.

மேலே சமையல் மேடையில் அவளுடைய போன் அதிர்ந்தது. டாக்ஸிக்காரன் வந்துவிட்டான்போல. மேடைக்கல்லில் அது உறுமிக்கொண்டு நகர, பக்கத்திலிருந்த டம்ளரும் சேர்ந்து கிலுகிலுத்தது. அவள் எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் அவன் பக்கம் திருப்பினாள். இவ்வளவு பக்கத்தில், நடுவில் பூனை இல்லாமல், அவள் முகத்தை அவன் பார்த்து வெகுநாளாகியிருந்தது. நெற்றியில் தூசி ஒட்டியிருந்தது. சரியாகத் தூங்காத கண்கள்.

“என்னன்னு சொல்லட்டும்?” என்றாள்.

அவன் வாயைத் திறந்தான். கண் பழக்கதோஷத்தில் சந்துக்குள் போய், அந்த இரண்டு மின்னலையும் பார்த்தது. கழுத்து வலிக்க வலிக்க முகத்தை மறுபடி அவள் பக்கம் திருப்பினான்.

“போகாத.”

அவள் வளையலை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டு, தன் கையையும் சந்துக்குள் விட்டாள். இருட்டில் அது அவன் கையைத் தடவிக்கொண்டே போய்ப் பட்டையைத் தேடியது. மேலே போன் நின்று, திரும்பவும் அதிர ஆரம்பித்தது. பூனை பல்லை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. இருந்த ஒன்றரைக் காதையும் சத்தம் வந்த பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அவன் விரலை வாயில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தது.