செலியின் வெள்ளை விரிப்புகள்

பாரிஸிலிருந்து தள்ளிக் கிடக்கும் எங்கள் பக்கத்தில் வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் துணி வெளுப்பவர்கள்தான் கௌரவமானவர்கள். மாதாமாதம் வெளுத்தால் அலமாரியில் மாற்றுத் துணி இல்லை என்று அர்த்தம். செலி, மகள் கிளெமான்சின் சீதனத்துக்குச் சேர்த்த படுக்கை விரிப்புகளைச் சாம்பல் தண்ணீரில் வெளுத்து வேலி நெடுகக் காயப்போடுவாள். ஊர் பார்க்கிறதா என்று சன்னல் வழியே பார்ப்பாள்.

ஊர் பார்த்தது. பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை. மாவு மில்லுக்கார அக்லே ஆற்றுக்கு அந்தப் பக்கம் மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். அந்த மகனைக் கிளெமான்சுக்கு முடிக்கும் சம்பந்தத்துக்காகச் செலி எதுவும் செய்வாள்.

அந்த வசந்தத்தில் பாரிஸிலிருந்து ஓர் ஓவியர் வந்து செலியின் ஆப்பிள் தோட்டத்தில் முக்காலி போட்டு மரங்களை வரைய உட்கார்ந்தார்.

"மரம் எங்கயும் ஓடிடாதுங்க. இந்த விரிப்பையும் சேத்துப் போடுங்க" என்று மரத்துக்கு மரம் கயிறு கட்டி அத்தனையையும் தொங்கவிட்டாள். படம் முடிந்தபின் அதை ஊர் மண்டபத்தில் மாட்டச் சொல்லி மேயரைப் பிடித்ததும் அவளேதான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

ஞாயிறு பூசை முடிந்து ஊரே வந்தது. அக்லேயும் வந்தாள். படத்தில் விரிப்புகள் நீலமும் ஊதாவுமாக, நடுநடுவே மஞ்சளாகத் தொங்கின.

"இதுதான் வெளுப்பா? எங்க மாவு மூட்டை தேவலையே! சாம்பலுக்குப் பதிலா சாயத்துல ஊறப்போட்டியா?" என்றாள் அக்லே.

சம்பந்தம் கைநழுவுவது செலிக்குத் தெரிந்தது. "அந்தப் பாரிஸ்காரனுக்குக் கண்ணுல கோளாறு. வாங்க, நேர்லயே பாருங்க!"

அக்லேயைக் கையோடு இழுத்துவந்து, அலமாரியைக் காலிசெய்து, அதே கயிற்றில் மறுபடி தொங்கவிட்டாள். உச்சி வெயில் கிளைகளுக்குள் புகுந்து விழுந்தது. இருவரும் பார்த்தார்கள். நிழல் விழுந்த இடமெல்லாம் ஊதா. வெயில் பட்ட இடம் மஞ்சள். இத்தனை வருடமும் வெள்ளை என்று நினைத்ததால் வெள்ளையாகவே பார்த்திருக்கிறாள். பாழாய்ப்போனவன் கண்ணைத் திறந்துவிட்டுப் போய்விட்டான். செலிக்கு அழுகை முட்டியது.

"பாத்தியா? மனுஷன் பொய் வரையல" என்றாள் அக்லே, பரம திருப்தியோடு. "இந்த லட்சணத்துல எங்க வீட்டுக்குப் பொண்ணா? வேற இடம் பாரு."

கிளெமான்சை யாரும் எதுவும் கேட்கவில்லை. விரிப்பா, அவளா என்றால் எங்கள் பக்கத்தில் விரிப்புதான்.

செலி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அக்லே மரத்தடியில் நின்றிருந்தாள். பூசைக்கென்று கஞ்சி போட்டு வைத்திருந்த அவளுடைய வெள்ளைக் குல்லா கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

"அக்கா, அந்தக் குல்லாவக் கொஞ்சம் கழட்டிப் பாருங்க."

கழற்றினாள். உதறினாள். திருப்பிப் பார்த்தாள். ஊதா போகவில்லை. முகம் செத்துப்போயிற்று. குல்லாவை அவசரமாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"செலி," என்றாள், குரலைத் தாழ்த்தி. "கிளெமான்சு தங்கமான பொண்ணு. அறுப்பு முடிஞ்சதும் கல்யாணத்த வச்சுக்குவோம். ஆனா விருந்து தோட்டத்துல வேணாம். களஞ்சியத்துக்குள்ள போடு. கதவ நல்லா சாத்திடு."