பிரிகேடியர் உருட்டிய மாவு

பிரிகேடியர் ஏசுதாசன் முப்பத்து நான்கு வருஷம் ராணுவத்தில் இருந்தார். அத்தனை வருஷத்தில் எதிரி ஒருவனைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. அவர் இருந்தது சப்ளைப் பிரிவு. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், முட்டை, உயிரோடு ஆடு என்று எல்லாவற்றையும் பதினாலாயிரம் அடி உயரத்தில் பனிக்குள் உட்கார்ந்திருப்பவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பாதை இருக்கும் வரை லாரி, அதற்கு மேலே கோவேறு கழுதை. ஒரு குளிர்காலம் முழுக்க, ஒரு வேளைகூடத் தவறாமல் நாலாயிரம் பேருக்குச் சோறு போட்டதற்காக டெல்லிக்குக் கூப்பிட்டுப் பதக்கம் குத்தினார்கள். பதக்கத்தைப் பார்த்த அவருடைய சொந்த ஊர்த் தென்காசிக்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: எத்தனை பேரைச் சுட்டீர்கள்?

ஓய்வு பெற்றதும் குருகிராமில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி அவரை வைஸ் பிரசிடென்ட் ஆக்கியது. அங்கே பத்து மணி மீட்டிங் பத்தே முக்காலுக்குத்தான் தொடங்கும். இவர் ஒன்பது ஐம்பத்தைந்துக்கே போய்க் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பதினோரு மாதம் பொறுத்துவிட்டு விலகிக்கொண்டார். அடுத்தது சென்னையில் ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் டைரக்டர் பதவி. அவர்களுக்கு வேண்டியிருந்தது விளம்பரத்தில் போட அவருடைய மீசை. இவரோ ஒவ்வொரு வாசலாகப் போய்க் காவலாளிகளிடம் சாப்பிட்டாச்சா என்று விசாரித்து, அவர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளையே கிடையாது என்று கண்டுபிடித்து, பதினாலு பக்கத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தார். மறுவாரமே சால்வை போர்த்தி அனுப்பி வைத்தார்கள்.

தென்காசி வீட்டுக்குத் திரும்பியவர் சும்மா இருந்திருக்கலாம். அடுப்படியில் கை வைத்தார். ரசப்பொடி, மல்லிப்பொடி, கடுகு எல்லாவற்றுக்கும் தேதி எழுதி ஒட்டினார். பழைய சரக்கு முன்னால், புதிய சரக்கு பின்னால். அவர் மனைவி ரெபேக்காள் ஒரு நாள் குழம்பைக் கொதிக்க விட்டு உப்பைத் தேடினாள். கால் மணி நேரம் தேடினாள். உப்பு "கெட்டுப்போகாத பொருட்கள்" என்று எழுதிய பெட்டிக்குள், பரணில் இருந்தது. அன்று சாயங்காலமே அவள் தன் சிநேகிதி நூர்நிஷாவுக்குப் போன் போட்டு, அவள் வீட்டுக்காரர் குற்றாலத்து ஓட்டலுக்குப் பொறுப்பான ஆள் தேடுவதாகச் சொன்னாளே, அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

நூர்நிஷாவின் கணவர் சேக் தாவூது சவூதியில் தம்மாமில் இருபத்தாறு வருஷம் உழைத்துவிட்டு வந்து, குற்றாலத்திலிருந்து செங்கோட்டை போகும் ரோட்டில் நாற்பத்தெட்டு அறைகளோடு ஷஹானா கார்டன் கட்டியிருந்தார். பிரிகேடியர் என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே நிர்வாக இயக்குநர் என்று போட்டு, பின்னால் பனிமலை, பக்கத்தில் பீரங்கி, நடுவில் ஏசுதாசன் என்று வாசலில் ஒரு போர்டு வைத்தார். பீரங்கி எதற்கு என்று ஏசுதாசன் கேட்டதற்கு, இனி ஒருத்தனும் ரூம் துண்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போக மாட்டான் என்று விளக்கம் சொன்னார். அது என்னவோ உண்மைதான். அந்த வாரம் ஒரு துண்டும் குறையவில்லை.

சாரல் தொடங்கிய முதல் சனிக்கிழமை சாயங்காலம், விருந்தாளிகளைப் புல்தரையில் உட்கார வைத்து, பிரிகேடியர் போர்க்கதை சொல்வார் என்று சேக் தாவூது மைக்கில் அறிவித்துவிட்டார். ஏசுதாசனுக்குப் பொய் சொல்ல வராது. பன்னிரண்டாயிரம் முட்டைகளை உறைந்து வெடித்துப்போகாமல் கணவாயைக் கடத்திய கதையைச் சொன்னார். வைக்கோல் போதாமல் ஆபீசர்களின் கம்பளிகளை உருவிச் சுற்றியதையும், கர்னல் ஒருவர் ராத்திரி முழுக்க நடுங்கியதையும் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய போர் கிடையாது. முன்வரிசையில் இருந்த மதுரைக்காரர் ஒருவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, எப்போ சார் சுட்டீங்க என்றார்.

"சுடல. அவிச்சோம்" என்றார் ஏசுதாசன்.

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. சேக் தாவூது சிரிக்கவில்லை. தனியாகக் கூட்டிக்கொண்டு போய், "ஒரே ஒரு குண்டுகூடவா சார் போடல? யோசிச்சுப் பாருங்க" என்றார். எவ்வளவு யோசித்தும் ஏசுதாசனுக்கு ஒன்றும் தேறவில்லை. போர்டைக் கழற்றுவதா, பீரங்கியை மட்டும் அழிப்பதா என்று சேக் தாவூது அன்றைக்குத் தூங்காமல் யோசித்ததாகப் பிறகு நூர்நிஷா சொன்னாள்.

மறுநாள் அதைவிடப் பெரிய வில்லங்கம் வந்தது. ஓட்டலின் உயிரே பரோட்டா மாஸ்டர் முத்துச்செல்வம்தான். ராயகிரிக்காரர். அருவியில் குளித்துப் பசித்து வருகிறவர்கள் மெனு கார்டைத் திறக்கவே மாட்டார்கள். ஏசுதாசன் நாலு நாளாகக் கையில் ஸ்டாப் வாட்ச்சோடு அவர் பக்கத்தில் நின்று, மாவு பிசைய இத்தனை நிமிஷம், ஊற இத்தனை, வீச இத்தனை என்று எழுதிக்கொண்டிருந்தார். தலைக்கு வலை போடச் சொன்னதைக்கூட மாஸ்டர் பொறுத்துக்கொண்டார். ஞாயிறு மத்தியானம் வாட்ச்சை மறுபடி பார்த்ததும், அடுப்பை அணைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் போய் மலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து மணிக்கு மூன்று பஸ் வந்து நின்றது. நூற்றிருபது பேர். எல்லாருக்கும் தலை ஈரம், வயிறு காலி. சேக் தாவூது டீக்கடைக்கு ஓடினார். கெஞ்சினார், அதட்டினார், அல்லாவின் பேரால் கேட்டார். முத்துச்செல்வம் மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரும்பி வந்த சேக் தாவூது, "நீங்க பண்ணின வேலைதானே சார் இது. நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஏசுதாசன் ரோட்டைக் கடந்தார். கணவாயில் ஒரு தடவை நூறு மூட்டையோடு வரிசையே நின்றுபோனது அவருக்கு ஞாபகம் வந்தது. முதல் கோவேறு கழுதை அசைய மறுத்துவிட்டது. இழுத்தார்கள், தள்ளினார்கள், திட்டினார்கள். கடைசியில் அதை ஓட்டி வந்த சிப்பாய் அதன் பக்கத்தில் போய் நின்று, அது பார்த்த திசையையே தானும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிஷத்தில் அது தானாக நடந்தது. எத்தனையோ கர்னல்களைவிடக் கோவேறு கழுதைகள்மேல் அவருக்கு மரியாதை அதிகம். என்றாலும் இந்த விஷயத்தை மட்டும் அவர் மாஸ்டரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு டீ சொன்னார். மலையைப் பார்த்தார். மேகம் இறங்கி, அருவி இருக்கும் இடம் வெள்ளையாக மறைந்திருந்தது. டீ முடிந்தது. இன்னொன்று சொன்னார்.

"வாட்ச் எங்க சார்?" என்றார் முத்துச்செல்வம், திரும்பாமலே.

"மேசையில கிடக்கு."

"சாரல் அடிச்சா மாவு ஒரு மாதிரி இருக்கும், வெயில் அடிச்சா ஒரு மாதிரி இருக்கும். விரல வச்சுப் பாத்தாத்தான் தெரியும். நீங்க நிமிசக் கணக்கு எழுதுதிய. நாளைக்கு இன்னொருத்தன் அதப் பாத்து மாவு பிசைவான், என்னைய வீட்டுக்கு அனுப்பிருவிய. அதுக்குத்தானே?"

ஏசுதாசனுக்குச் சுருக்கென்றது. ஆளை மாற்றும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. ஆனால் எதற்காக எழுதினோம் என்று கேட்டுக்கொண்டால், முப்பத்து நான்கு வருஷப் பழக்கம் என்பதைத் தவிர வேறு பதிலும் இல்லை. மலை மேலே பருப்பும் அப்படித்தான், காலையில் போட்டால் சாயங்காலம் வரைக்கும் வேகாது, கடிகாரம் பார்த்தவனெல்லாம் பட்டினி கிடந்தான் என்று சொன்னார். சொல்லச் சொல்லவே, தெரிந்துகொண்டே இப்படிச் செய்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"மாஸ்டர், நான் செஞ்சது தப்பு" என்றார். "நூத்தியிருவது பேரு. ஏழு மணிக்குள்ள போடணும்னா உங்களுக்கு என்ன வேணும்?"

முத்துச்செல்வம் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார். "மத்தியானம் பிசைஞ்ச மாவு கிடக்கு. உருட்டுததுக்கு ரெண்டு கை வேணும். இருக்கவன் பூரா வெங்காயம் வெட்டுதான்."

ஏசுதாசன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு ஷஹானா கார்டன் அடுப்படியில் நடந்ததைத் தென்காசி முழுக்கப் பார்த்துவிட்டது. மதுரைக்காரர் தன் போனில் எடுத்துவிட்டார். தலையில் வலை, மீசையில் மைதா, முழங்கை வரை எண்ணெய். பிரிகேடியர் உருண்டை பிடிக்கிறார். முதல் தட்டு உருண்டைகளைப் பார்த்துவிட்டு முத்துச்செல்வம், ஒன்று எலுமிச்சங்காய் அளவும் ஒன்று தேங்காய் அளவும் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் திரும்பப் பிசையச் சொன்னார். "எஸ் மாஸ்டர்" என்று பிசைந்தார். நடுவே வெங்காயம் வெட்டுகிறவர்களை இரண்டாகப் பிரித்து, பஸ் வாரியாகச் சாப்பிட உட்காரவைத்து, குழந்தைகளுக்கு முதலில், வயதானவர்களுக்கு அடுத்து என்று வரிசை போட்டார். ஆறே முக்காலுக்குக் கடைசிப் பந்திக்கும் இலை விழுந்தது. சேக் தாவூது சால்னா வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, வாளி எப்படிக் கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது.

ஏசுதாசன் வீடு சேர்ந்தபோது ரெபேக்காள் வாசலிலேயே நிறுத்தினாள். வீடியோ அவளுக்கு ஆறு பேரிடமிருந்து வந்திருந்தது.

"பதக்கம் வாங்கினன்னைக்குக்கூட இப்படிச் சிரிச்சுக்கிட்டு வரலையே" என்றாள்.

அவர் நேரே குளிக்கப் போனார். உள்ளேயிருந்து கீர்த்தனை கேட்டது. பல வருஷமாக அவர் பாடி அவள் கேட்டதில்லை.

அந்த சீசன் முடிவதற்குள் செங்கோட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவரும், காலேஜ்காரர் ஒருவரும் தங்கள் நிர்வாகக் குழுவில் சேரச் சொல்லி அவரைத் தேடி வந்தார்கள். இரண்டு பேரிடமும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். சனி, ஞாயிறு சாயங்காலம் நாலிலிருந்து ஏழு வரை தனக்கு டியூட்டி இருக்கிறது, மற்ற நேரம் என்றால் மாஸ்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். காலேஜ்காரர் அதை ஒத்துக்கொண்டார். தேங்காய் வியாபாரி மாஸ்டர் என்றால் எந்த ரேங்க் என்று விசாரித்துவிட்டுப் போனார்.