எபினேசரை மனப்பாடம் செய்தேன்

எங்கள் ஊரில் அந்த நோய் நண்பர்களுக்கிடையில் மட்டும் பரவியது. முன்பின் தெரியாதவர்கள் எவ்வளவு நெருங்கி நின்றாலும் ஒன்றும் ஆகாது. அதனால் பேருந்துகள் வழக்கம்போல் ஓடின. காய்கறிச் சந்தையில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நடந்தார்கள். தியேட்டரில் முழுக் கூட்டம் இருந்தது. படம் முடிந்து வெளியே வரும்போது மட்டும் படத்தைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை. நண்பர்கள் ஆறடி தள்ளி நிற்க வேண்டும், ஒரே பெஞ்சில் உட்காரக் கூடாது, ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போகக் கூடாது என்று நகராட்சி வண்டி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே தெருத்தெருவாகப் போனது.

உறவினர்களுக்கு இந்த விதி கிடையாது. கணவன் மனைவிக்கிடையே நோய் பரவியது எங்கள் வார்டில் ஒரே ஒரு வீட்டில்தான். அவர்கள் வெட்கப்பட்டு வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்குப் போனார்கள்.

பலர் ஏமாற்றினார்கள். தெருமுனையில் சந்திக்கும்போது, "வாங்க சார், உங்கள எங்கயும் பாத்த மாரியே இல்லையே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு டீக்கடைக்குள் போய் ஒன்றாக உட்கார்ந்தார்கள். கடை வாசலில் ஒரு போலீஸ்காரர் நிற்பார். ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொள்ளும்போது சிரிப்பை அடக்குகிறவர்கள் யார் என்று பார்ப்பார். அவர்களைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிடுவார். தப்பித்தவர்களில் சிலர் இறந்துபோனார்கள். எபினேசரின் அப்பா அப்படித்தான் இறந்தார். அவர் ஷேர் ஆட்டோ ஓட்டினார். ஸ்டாண்டில் அடுத்த வண்டிக்காரரோடு ஒரு டீயை இரண்டாக ஊற்றிக் குடித்தார். இருவரும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள்.

எபினேசர் என் நண்பன். கல்லூரியில் நாங்கள் ஒரே பெஞ்ச். என் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், அவன் வீட்டில் அவன். இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொள்ள எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு நல்ல சட்டை இருந்தது. நீலக் கோடு போட்டது. நான் பட்டம் வாங்கினேன். அவன் அரியர் விழுந்து நின்றுவிட்டான். அப்பா போன பிறகு மார்க்கெட் சந்தில் ஒரு அறையில் தனியாக இருந்தான். அவனுக்கு வேறு யாரும் இல்லை.

"ஏல, ஒருக்க வந்துட்டுப் போயேன். பத்து நிமிசம்" என்று போனில் சொன்னான்.

"விதி இருக்குல்லா."

"பின்வாசல் வழியா வா. யாரும் பாக்க மாட்டாவ."

"யாரும் பாக்கலன்னா பரவாதோ?"

"நான் பேசாம ஒண்ணும் இல்லல. கண்டக்டர்ட்ட பேசுதேன். பலசரக்குக் கடைல பேசுதேன். எல்லாரும் நல்லாத்தான் பேசுதாவ. வீட்டுக்கு வந்து பாத்தா நாக்கு மரத்துப் போயிக் கெடக்கு. செத்தாலும் ஒன்னப் பாத்துட்டுச் செத்துருதேன்" என்றான்.

"நானும்லால சாவேன்."

"ஆமா, அது வேற இருக்கு" என்றான்.

அவன் குரல் வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டு வந்தது. தனியாக இருப்பவர்களுக்கு முதலில் குரல் போகும், அடுத்து நகம் வளர்வது நிற்கும், அதற்குப் பிறகு நாள் அதிகம் இல்லை என்று சுகாதார நிலையத்தில் சொன்னார்கள். மைதானத்தில் ஆறடி தள்ளி நின்று பேசிப் பார்த்தோம். அவன் குரல் நாலடிக்கு மேல் வரவில்லை. அவன் வாய் அசைவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நகம் வெட்டி எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை, அப்பாவும் இல்லை. ஸ்பின்னிங் மில்லில் நின்று நின்று அவளுக்குக் கால் நரம்பெல்லாம் சுருண்டுவிட்டது. நான் செத்தால் அவள் என்ன செய்வாள் என்று பயந்தேன். பட்டம் வாங்கியவனே விதியை மீறினால் படித்து என்ன பிரயோசனம் என்று தெருவில் கேட்பார்கள் என்றும் பயந்தேன். இரண்டில் எது பெரிய பயம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சட்டப்படி ஒரு வழி இருந்தது. நண்பர்கள் அந்நியர்களாகிவிட்டால் தாராளமாகச் சந்திக்கலாம். நோய் பரவுவதற்கு இரண்டு பக்கமும் நட்பு இருக்க வேண்டும். ஒரு பக்கம் அற்றுப்போனாலும் போதும், பரவாது. அதைச் சோதித்துப் பார்த்து மணிக்கட்டில் மை முத்திரை குத்தி அனுப்புவார்கள். சுகாதார நிலையத்தில் நர்ஸ் பரிமளம் இதற்கென்று உட்கார்ந்திருந்தார்.

"மறக்கணும்னு இல்ல தம்பி" என்றார். "தெரிஞ்சிருக்கலாம். தாஜ்மகால் தெரியும்லா ஒங்களுக்கு? அது ஒங்க பிரெண்டா? அப்படித் தெரியணும். அவ்வளவுதான்."

எபினேசரிடம் சொன்னேன்.

"பரீட்சைன்னாலே எனக்கு அரியர்தான்" என்றான். போனைக் காதோடு சேர்த்து அழுத்தினால்தான் கேட்டது. "நீ படி. ஒருத்தன் பாஸானா போதும்லா. பாஸானா வருவியால?"

"வருவேன்."

"அப்பொ சரி."

எனக்குத் தெரிந்த படிப்பு மனப்பாடம் ஒன்றுதான். பள்ளியிலும் கல்லூரியிலும் அப்படித்தான் தேறினேன். மனப்பாடம் செய்த எதுவும் பிறகு எனக்குள் உயிரோடு இருந்ததில்லை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நான் ஒப்பிக்கும்போதெல்லாம் மில்லிலிருந்து வந்த களைப்போடு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். திக்காமல் சொன்னால் சரியான விடை, திக்கினால் தவறு. அவள் வைத்திருந்த அளவுகோல் அது. ஒருமுறைகூட அது பிசகியதில்லை.

இந்த முறையும் உட்கார்ந்தாள். மடியில் முருங்கைக்கீரை வைத்து உருவிக்கொண்டே, "ம், சொல்லு" என்றாள்.

"எபினேசர் சிரிக்கும்போது முதலில் தோள் குலுங்கும், பிறகுதான் சத்தம் வரும். எபினேசர் பரோட்டாவைப் பிய்க்காமல் சுருட்டித் தின்பான். எபினேசருக்கு ஊசி என்றால் பயம். எபினேசர் இடது பக்கம் ஒருக்களித்துத்தான் தூங்குவான். என் அப்பா இறந்த அன்று எபினேசர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எங்கள் வீட்டுக் குடங்களை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்து, பிடித்து..."

"எய்யா, அந்த எடத்துல திக்குது. மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னேன். குடங்கள் வரும் இடத்தில் மறுபடி திக்கியது.

"மொதல்ல இருந்து வா" என்றாள்.

சில நாட்கள் அந்தக் குடங்களிலேயே நின்றேன். கீரை முடிந்து, அவரைக்காய் முடிந்து, ஒருநாள் அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது, ஒரே மூச்சில் திக்காமல் சொல்லி முடித்தேன். அம்மா தலையை ஆட்டினாள். பூண்டுத் தோலை ஊதித் தள்ளிவிட்டு, "போயி எழுதிட்டு வந்துரு" என்றாள்.

பரிசோதனை அறையில் நடுவே ஒரு திரை தொங்கியது. என் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். நான் ஜன்னலில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் கழுத்து திரும்பவில்லை. பிறகு திரையை விலக்கினார்கள்.

எதிர் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியானவர், முகத்தில் நான்கு நாள் தாடி. நீலக் கோடு போட்ட சட்டை அணிந்திருந்தார். அது எங்கள் சட்டை என்று எனக்குத் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்ததும் தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. முதலில் தோள் குலுங்கும், பிறகுதான் சத்தம் வரும் என்பது நினைவுக்கு வந்தது. விடையின் முதல் பாதி சரியாக இருந்தது.

"ஒங்களுக்குச் சுத்தமா ஒண்ணும் இல்ல தம்பி" என்று நர்ஸ் பரிமளம் என் கிளிப்பைக் கழற்றினார். எதிரில் இருந்தவர் பக்கம் திரும்பி, "இவருக்கு அப்படியே இருக்கு. கொஞ்சங்கூடக் கொறையல. படிச்சீங்களா இல்லையா?" என்றார்.

அவர் இல்லை என்று தலையசைத்தார். நர்ஸ் என் மணிக்கட்டில் முத்திரை குத்தினார்.

வருவேன் என்று சொல்லியிருந்ததால் போனேன். முன்வாசல் வழியாகவே போனேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள், முத்திரையைக் காட்டினேன். அறையில் பாய் விரித்திருந்தது. இரண்டு பேருக்குப் பரோட்டா வாங்கி வைத்திருந்தார். நான் உட்கார்ந்ததும் அவருக்குக் குரல் கொஞ்சம் வந்தது.

"ஏல, எப்பிடில மெலிஞ்சு போயிட்ட" என்றார்.

"அப்படியா? நீங்க நல்லா இருக்கீங்களா?"

அவர் தோள் குலுங்கியது. இந்த முறை சத்தமும் வந்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "யாரும் இல்ல. நடிக்காத. சாருன்னு வேற கூப்புடுவ போலருக்கு."

"நடிக்கலங்க."

"ஏல, போதும்ல."

"முத்திரை குத்தியிருக்காங்க" என்று கையைக் காட்டினேன்.

அவர் முத்திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரோட்டாவை எடுத்துச் சுருட்டினார், தின்னாமல் இலையிலேயே வைத்தார். வெளியே ஒரு லாரி பின்னால் வருவதும் யாரோ "வா, வா, வா" என்று கத்துவதும் கேட்டது.

"அன்னைக்கு ஒங்க வீட்டுக்குத் தண்ணி புடிச்சேன்லா" என்றார்.

"ஆமா. எல்லாக் குடத்துலயும் பிடிச்சு வச்சீங்க." நான் திக்கவில்லை.

அதன் பிறகு அவர் என்னை 'ல' போட்டுப் பேசவில்லை. "சாப்புடுங்க" என்றார். சாப்பிட்டேன். இந்த அறையில் வெயில் நேரத்தில் புழுங்குமா என்று கேட்டேன். புழுங்கும் என்றார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, நன்றி சொல்லிக் கிளம்பினேன். அவர் எழுந்திருக்கவில்லை.

அந்த வாரமே அவருக்குக் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். யாரிடமிருந்தும் தொற்றியது அல்ல. ஒரு பக்கம் மட்டும் இருக்கும் நட்பு, போக இடமில்லாமல் தன்னைத்தானே கொதிக்க வைத்துக்கொள்ளும், அதுவும் ஆபத்துதான் என்று நர்ஸ் பரிமளம் போனில் விளக்கினார். நோயாளியோடு துணைக்கு இருக்க நண்பர்களுக்கு அனுமதி கிடையாது. உறவினர் இல்லாதவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் மட்டும் இருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவருக்குத் துணை இருக்க யாரும் முன்வருவதில்லை. அப்படிப்பட்ட பெரும்பாலான கட்டில்களின் பக்கத்தில் காலி ஸ்டூல்தான் இருந்தது.

வார்டு வாசலில் ஒரு ஊழியர் தடுத்தார். "அவருக்கு நீங்க என்ன வேணும்?"

"ஒண்ணும் இல்லைங்க."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் கவனித்தார். "அப்பொ போங்க" என்று விலகி வழிவிட்டார்.

அந்த வேலைக்கு நான் பொருத்தமானவனாக இருந்தேன். அவரைப் பற்றி எல்லாம் மனப்பாடமாகத் தெரியும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். ஊசி போடும்போது அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். ஈரத் துணியால் நெற்றியைத் துடைத்தேன், கஞ்சி கொடுத்தேன். எங்கும் தவறு செய்யவில்லை. காய்ச்சல் ஏறும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியால, வந்துட்டியால" என்று கேட்பார். "வந்திருக்கேங்க" என்பேன். அவர் சூடு என் உள்ளங்கையில் ஏறும். நான் கையை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை, வைத்திருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஒருநாள் காலையில் அவர் கண் விழித்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"சார், மணி என்ன ஆவுது?" என்றார். குரல் கனமாக, நன்றாக இருந்தது.

சொன்னேன். மருத்துவர் வந்து கிளிப்பை மாட்டிப் பார்த்தார். "முழுசாக் குணமாயிட்டு" என்றார். கட்டிலில் இருந்தவரின் விரல்களைப் பார்த்தேன். நகம் வளரத் தொடங்கியிருந்தது.

கிளம்பும் நேரத்தில் ஆயாம்மா ஒருவர் வார்டின் பச்சைத் துணியில் எதையோ சுற்றிக் கொண்டுவந்தார். இரண்டு கைக்குள் அடங்கும் அளவு. துணிக்கு மேலேயே சூடு தெரிந்தது.

"காய்ச்சலோட எறங்குன சிநேகம். இங்க வைக்க எடம் கெடையாது. ரெண்டு பேர்ல யாராச்சும் கொண்டு போங்க."

"நீங்க எடுத்துக்கிடுங்க சார்" என்றார் அவர்.

"இல்ல, ஒங்க கிட்ட இருந்து எறங்கினதுதானே."

"எனக்குத் திருப்பூருக்குப் போவணும் சார். வேலைக்குச் சொல்லி வச்சிருக்கு. பஸ்ல இத வச்சுக்கிட்டு எப்பிடி?"

அவர் சொன்னது நியாயமாக இருந்தது. நான் வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசல் வரை ஒன்றாக நடந்தோம். இடையில் ஒரு அடிகூட இல்லை. எங்களை யாரும் தடுக்கவில்லை, எதிர் டீக்கடையில் நின்ற போலீஸ்காரர்கூட ஒருமுறை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவர் கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் அம்மா துணியை விலக்கிப் பார்த்தாள். "எய்யா, கண்ணு தொறந்துட்டு" என்றாள். அடுப்புப் பக்கமாக ஒரு பழைய சேலையை மடித்துப் போட்டு, அதில் கிடத்தினாள்.

இப்போது அது தவழ்கிறது. அதற்கு யாரையும் தெரியாது என்பதால் வெளியே கொண்டுபோகத் தடை இல்லை. அம்மாவுக்குக் காலை ஷிப்ட் என்றால் நான் தூக்கிக்கொண்டு போகிறேன். பல் முளைக்கிறது என்று நினைக்கிறேன். நேற்று பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரரின் விரலைப் பிடித்துக் கடித்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போனது. அவர் விரலை எடுக்கவில்லை.