பத்தும் கட்டைவிரல்

அருள்செல்வியைப் பெண் கேட்டிருந்த இக்னேஷியஸைப் பற்றி விசாரிக்க, அவள் அப்பா ஜேசுராஜ் அவன் வேலை செய்யும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கே போய் வந்தார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இந்த எடம் வாணாம். பையன் கைநாட்டு."

"அவரு பி.காம். நைனா! பஸ்ல தெனம் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறாரு."

"படம் பாத்துகினு இருந்திருப்பான். அது சரி, நீ இன்னாத்துக்கு அவன தெனம் பாத்த?"

அவள் முகம் சிவந்தது. ஆறு மாதமாக அந்தப் பஸ்ஸில் அவள் வேறு எதையும் பார்த்ததில்லை. அந்த முகம் கை நழுவிப் போகிறதே என்ற பயத்தில் துணிச்சல் வந்துவிட்டது.

"கூப்ட்டு எழுத வெச்சுப் பாரு நைனா. எழுதலேன்னா நீ காட்டுற ஆளக் கட்டிக்கிறேன்."

ஞாயிறு பூசை முடிந்து இக்னேஷியஸ் வந்தான். ஜேசுராஜ் தாளையும் பேனாவையும் நீட்டினார். "பேரு எழுது தம்பி."

பேனா எழுதவில்லை. உதறினான். மை ஜேசுராஜின் வெள்ளை வேட்டியில் போய் விழுந்தது. "ஐயோ அங்கிள்!" என்று துடைக்கப் பாய்ந்தவன், மின்விசிறிக் காற்றில் பறக்கப் போன தாளை மை அப்பிய கட்டைவிரலால் அழுத்தினான். விரலை எடுத்தால், தாளில் அழகாக ரேகை.

"பாத்தியா! கைநாட்டு! அவன் மேனேஜரு இங்கிலீஷ்லயே சொன்னாரே!"

"இன்னா சொன்னாரு? அப்டியே சொல்லு" என்றாள் அருள்செல்வி.

"நல்ல பையன், ஆனா 'ஆல் தம்ப்ஸ்'னாரு. எங்க கம்பெனில கையெழுத்து தெரியாதவன 'தம்ப் வை'ன்னுதான் சொல்வாங்க. எனக்குத் தெரியாதா?"

இக்னேஷியஸ் நெளிந்தான். "அங்கிள், அதுக்கு அர்த்தம் வேற. பத்து வெரலும் கட்டைவெரலா இருந்தா எதயாச்சும் ஒழுங்கா பிடிக்க முடியுமா? நான் தொட்டதெல்லாம் விழும், ஒடையும். அவரு டெலிபோனையே ரெண்டு தபா ஒடைச்சிட்டேன்."

சொல்லிவிட்டு, ரேகைக்குக் கீழேயே தமிழிலும் இங்கிலீஷிலும் பெயர் எழுதினான். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

ஜேசுராஜ் தாளைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். மேனேஜர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

"கோயில்ல மோதிரத்தயாவது கீழ போடாம அவ வெரல்ல போட்டுடுவியா?"

இக்னேஷியஸ் சந்தோஷத்தில் துள்ளி எழுந்தான். அவன் முழங்கை போகும் வழியிலிருந்த காபி டம்ளரை அருள்செல்வி சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டாள்.