பாதி விலைக்கு முடிந்த முகம்

மாமியார் நடித்த படங்கள் பல. முகம் தெரிந்தது ஒன்றில்தான். மற்றவற்றிலெல்லாம் கதவைத் திறப்பவர், தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறவர். சின்ன வயதில் வந்த அம்மை இரண்டு கன்னங்களையும் குழி குழியாக்கிவிட்டுப் போயிருந்தது. எந்தக் கேமராக்காரரும் கிட்டத்தில் வைத்து எடுக்கத் துணியவில்லை. ஒரே ஒரு டைரக்டர் அந்தத் தழும்புக்காகவே அவரைக் கதாநாயகி ஆக்கினார். அந்தப் படத்தில், கடிதத்திலேயே காதலித்தவன் ரயிலிலிருந்து இறங்குகிறான், முதல்முறையாக அவள் முகத்தைப் பார்க்கிறான், யாரோ எவரோ என்பதுபோல் தாண்டிப் போகிறான். அவள் முகம் திரை முழுக்க நிற்கிறது. படமே அந்த முகம்தான்.

அந்தப் படத்தைப் புதுப்பித்து வீட்டு டிஸ்க்காகப் போடப்போவதாகச் சொன்ன கம்பெனி, மரியாதைக்கு ஒரு முன்பிரதி அனுப்பியது. மகளும் மருமகனும் மாமியாரை நடுவில் உட்காரவைத்துப் போட்டார்கள். கீறல் இல்லை, தூசி இல்லை, படம் பளிங்கு. ரயில் நிலையம் வந்தது. கதாநாயகி இருக்க வேண்டிய இடத்தில் மெழுகுப் பொம்மை ஒன்று நின்றது. கன்னத்தில் ஒரு குழி கிடையாது. கதாநாயகனின் கம்பளிக் கோட்டுகூட ரப்பரில் வார்த்ததுபோல் வழவழத்தது.

அம்மா இத்தனை அழகாக இருந்தாளா என்று மகள் பூரித்துப் போனாள். மாமியார் படத்தைக் கடைசிவரை பார்த்தார். பிறகு மருமகன் பக்கம் திரும்பினார்.

“மாப்பிள்ளை, இப்படி ஒரு மூஞ்சிய விட்டுட்டு அவன் ஏன் போறான்? பைத்தியமா? போய் என் மூஞ்சிய வாங்கிட்டு வாங்க.”

மருமகனுக்குத் துணி மொத்த வியாபாரம். ‘வாங்கிட்டு வா’ என்றால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எதுவும் பிடிக்காதவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே நுழைவது.

படத்தைச் சுத்தம் செய்தவரின் அறையில் ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. ஏசிக் குளிரில் ஆறிப்போன டீக் கோப்பைகள் வரிசையாக நின்றன. தொழிலில் அவருக்குத் துடைப்பம் என்று பட்டப்பெயர், வைத்தவரும் அவரேதான். பழைய பிலிமில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் நெளியும், பெரிய டிவியில் அது ஈ மொய்ப்பதுபோல் தெரிகிறதென்று ஜனங்கள் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், அதனால் புள்ளிகளை வழித்து எடுப்பதாகச் சொன்னார். அம்மைக் குழிக்கும் பிலிம் புள்ளிக்கும் மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது.

“பாத்தேன் சார். அம்மா சந்தோஷப்படுவாங்கன்னு விட்டுட்டேன். தழும்பு போயிடுச்சேன்னு சண்டைக்கு வந்த முதல் குடும்பம் நீங்கதான்.”

திரையின் கீழே, எவ்வளவு வழிப்பது என்று காட்ட ஒரு கோடு, அதில் நகர்த்த ஒரு பித்தான். பித்தான் எண்பதில் நின்றது; சைபரில் வைத்தால் எடுத்தது எடுத்தபடி. சைபர் வேண்டும் என்றார் மருமகன். சைபர் வைத்தால் கம்பெனிக்காரன் என்னை வழித்து எடுத்துவிடுவான் என்றார் துடைப்பம். எழுபதுக்கு இறங்கினார். மருமகன் பத்துக்கு ஏறினார். ஒருவர் குடும்ப கௌரவத்தைப் பேசினார், இன்னொருவர் வயிற்றுப்பாட்டைப் பேசினார். மருமகன் எழுந்து கதவுவரை போனார்; கூப்பிடுவார்கள் என்று தெரியும், கூப்பிட்டார்கள். நாற்பதில் கை குலுக்கினார்கள்.

இத்தனை நேரமும் அவர் திரையை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பேரத்தின்போது சரக்கைப் பார்ப்பவன் ஆசையைக் காட்டிக்கொடுத்துவிடுவான். எதிராளியின் கண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் பாடம். அந்தக் கண்ணை நன்றாகவே பார்த்தார்.

“அப்ப முடிஞ்சுதுல்ல சார்? நாப்பதுல பிரதி எடுத்துட்டு, மூல ஸ்கேனை மெஷின்லேர்ந்து அழிச்சுத் தூக்கிடறேன். அடுத்த படத்துக்கு இடம் வேணும்.”

“கை குடுத்தா குடுத்ததுதான். தூக்குங்க.”

பிலிம் சுருளோ புளித்த நாற்றம் எடுத்து ஒட்டிப்போயிருந்தது. ஸ்கேன் எடுத்த கையோடு கம்பெனி அதைக் குப்பையில் போட்டிருந்தது.

டிஸ்க் வந்தது. மறுபடி நடுவில் மாமியார். ரயில் நிலையத்தில் இப்போது நின்றவள் பொம்மையும் இல்லை, அவரும் இல்லை. குழிகள் பாதி தூர்ந்து, திட்டுத்திட்டாக, மாவு மூட்டை தூக்கிவிட்டு முகம் கழுவாமல் வந்த பெண்போல் இருந்தாள். கதாநாயகன் பார்த்தான், தாண்டிப் போனான். மகள் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“இது யாரு?” என்றார் மாமியார்.

“அத்தை, அந்த மெஷின்காரன் எண்பதுலேர்ந்து இறங்கவே மாட்டேன்னான். கெஞ்சிக் கூத்தாடி எண்பதை நாப்பதாக்கினேன்.”

“துணியத்தான் மீட்டர் கணக்குல வெட்டுவாங்க. என் மூஞ்சிய எதுல அளந்தீங்க?”

மருமகன் துடைப்பத்துக்குப் போன் போட்டு, மாமியாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். எவ்வளவு வேண்டுமானாலும் தருவதாகவும், சைபரில் ஒரு பிரதி எடுத்துத் தரும்படியும் சொன்னார். விலை கேட்காமல் அவர் பேசியது அதுவே முதல் தடவை.

“எதுலேர்ந்து சார் எடுக்கறது? நீங்கதானே தூக்கச் சொன்னீங்க.”

மாமியார் கையை நீட்டிப் போனை வாங்கி, தானே அணைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் மருமகன் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பார்.

டிஸ்க் நன்றாக விற்றது. வாங்கியவர்கள் இணையத்தில் எழுதியதை மகள் அவ்வப்போது படித்துக் காட்டினாள், அம்மாவைத் தேற்றுவதாக நினைத்து. படத்தின் தெளிவுக்கு முழு மதிப்பெண். கண்ணாடிபோல் இருக்கிறதாம். ஒரு குறைதான், கதாநாயகிக்கு மேக்கப் போட்டவர் சொதப்பிவிட்டாராம். பலர் அதையே எழுதியிருந்தார்கள்.

“அந்தப் படத்துக்கு மேக்கப்மேனே கிடையாது” என்றார் மாமியார்.

அதை அங்கே எழுதட்டுமா என்று கேட்டாள் மகள்.

“எழுதி? நம்பறதுக்கு என்னத்தக் காட்டுவே?”