இரண்டு லட்சமாவது பயணி

எங்கள் விமான நிலைய இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் அம்புக்குறி. அவர் அறைச் சுவரில் மேல்நோக்கிப் பாயும் சிவப்பு அம்பு ஒன்று ஒட்டியிருக்கும். யார் உள்ளே போனாலும் முதலில் அதைத்தான் காட்டுவார். போன வருடம் மூன்று வழித்தடம், இந்த வருடம் ஒன்பது என்று பீற்றிக்கொள்ள ஆரம்பித்தால் மனுஷனுக்கு மூச்சே வாங்காது. ஒன்பதுக்கும் சேர்த்து இருப்பது இரண்டே விமானம்தானே என்று கேட்டால் மட்டும் காது மந்தமாகிவிடும். பயணிகள் கழிவறைக்கு இன்னும் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவர்கள் ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நான் அங்கே புள்ளிவிவர எழுத்தர். போகிறவர், வருகிறவர் தலைகளை எண்ணித் தினமும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்த அம்பு மேலே ஏறியதில் என் பேனாவுக்கும் பங்கு உண்டு, மறைப்பானேன்.

வருடத்தின் கடைசி நாள் அது. இரண்டு லட்சமாவது பயணிக்குப் பூங்கொத்து கொடுப்பதாக அம்புக்குறி ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டார். ஒன்பதே முக்காலுக்குப் பத்தாவது வழித்தடம் தொடக்கம். அதற்கு ஒரு பிரமுகர், பின்னாலேயே பத்திரிகைக்காரர்கள். பேனர்கூடக் கட்டியாகிவிட்டது. ஆள்தான் சேரவில்லை. இன்னும் நாற்பத்து நான்கு பேர் வேண்டும். புது வழித்தடத்துக்குப் பதிவு செய்திருந்தவர்கள் பத்தொன்பதே பேர்.

எனக்கு அன்று வேறு கவலை. என் அக்கா பதினோரு வருடமாகத் தற்காலிக நர்ஸ். தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலைக்கு அன்று பதினொரு மணிக்கு நேர்காணல். வயது வரம்பு அடுத்த மாதம் தாண்டிவிடும், இதை விட்டால் இனி கிடையாது. குறித்த நேரத்தில் வராதவர் பெயர் நீக்கப்படும் என்று கடிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முதல் நாளே பஸ்ஸில் கிளம்பிவிடுகிறேன் என்றுதான் அக்கா சொன்னாள். நான்தான் பெரிய இவளாட்டம், ராத்திரி முழுக்கக் குலுங்கிப் போய் நேர்காணலில் தூங்கி வழியாதே, ஏழு மணி விமானத்தில் ஏறினால் எட்டுக்கு இறங்கிவிடலாம் என்று மல்லுக்கட்டி டிக்கெட் போட்டுக் கொடுத்தேன்.

எட்டேகாலுக்குச் செய்தி வந்தது. அங்கே மூடுபனியாம். வட்டமடித்துப் பார்த்துவிட்டு விமானம் திரும்பி வருகிறதாம். செயல்பாட்டு அறைக்கு ஓடினேன். பனி விலக ஆரம்பித்துவிட்டது, ஒன்பதே காலுக்குள் மறுபடி கிளம்பினால் பத்தேகாலுக்கு இறங்கிவிடலாம் என்றார் அங்கிருந்த அதிகாரி. ஆனால் அதே விமானம்தான் புது வழித்தடத்துக்கும் போக வேண்டும்.

அம்புக்குறியிடம் போனேன். விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். விமானம் திரும்புகிறது, தொடக்க விழாவைத் தள்ளி வைத்துவிட்டு இவர்களை முதலில் அனுப்புங்கள், என் அக்கா இருக்கிறாள் என்று கெஞ்சினேன். அவர் காதில் விழுந்தது பாதிதான்.

"எழுபத்தொரு பேர் திரும்பி வர்றாங்களா? வந்து இறங்குவாங்கல்ல? இறங்கினா அது வருகைதானே?"

இல்லை என்றேன். திரும்பி வந்த விமானத்தை வருகையில் சேர்க்கக் கூடாது, காலையில் எழுதிய புறப்பாட்டையே அடிக்க வேண்டும், அதுதான் விதி என்றேன்.

"விதியை என்கிட்டப் படிக்காதீங்க. நீங்க எழுதிக் குடுங்க. உங்க அக்கா விமானத்தை முதல்ல அனுப்பச் சொல்றேன்."

எழுதிக் கொடுத்தேன். இந்த ஆளின் வாக்கை நம்பியவளைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

வருகைக் கதவருகே எண்ணும் கருவியோடு என்னை நிறுத்தினார். கேமராக்காரர்கள் முண்டியடித்தார்கள். இறங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கடுகடுத்த முகத்தோடு உள்ளே வந்தார்கள். முப்பத்தைந்து எண்ணும்போதே வரிசையில் அக்காவைப் பார்த்துவிட்டேன். சான்றிதழ் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தையே பார்த்தபடி வந்தாள். நாற்பத்து மூன்றை அழுத்தினேன். அடுத்தது அவள். என் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் தானாக அழுத்திவிட்டது.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பிரமுகர் பூங்கொத்தை நீட்டினார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. இல்லைங்க, எனக்கு நேரமாச்சு என்றாள். ஒருவர் அவள் வாய்க்கு நேரே மைக்கை நீட்டினார்.

"எங்கிருந்து வர்றீங்கம்மா?"

"இங்கிருந்துதான்."

அவர் மறுபடி கேட்டார். அக்காவும் அதையேதான் சொன்னாள். கூட்டம் ஒரு கணம் திருதிருவென்று விழித்தது. அம்மா தமாஷாகப் பேசுகிறார் என்று அம்புக்குறி பல்லிளித்துச் சமாளித்தார். உடனே எல்லோரும் சிரித்தார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

கண்ணாடிக்கு அப்பால், பத்தொன்பது பேர் அதே விமானத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அம்புக்குறியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். சொன்னீங்களே சார் என்றேன். அவர் கேமராவிலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை.

"சாயந்திரம் ஆறு மணிக்கு ஒண்ணு இருக்கே. ஜன்னலோர சீட்டா போட்டுத் தரச் சொல்றேன்."

பிரமுகர் கத்தரிக்கோலை எடுத்து ரிப்பனை வெட்டினார். விமானம் கிளம்பியது. எங்கள் அறைப் பலகையில் பத்தாவது வழித்தடத்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா பேனருக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பூங்கொத்து மடியில் கிடந்தது. அழவில்லை. என் கையிலிருந்த கருவியைப் பார்த்தாள்.

"நீதான் எண்ணினியாடி?"

"ஆமாக்கா."

"என்னை எத்தனை தடவை?"

பொய் சொல்லியிருக்கலாம். அதில்தான் எனக்கு நல்ல பழக்கம் உண்டே. ஆனால் நாக்கு எழவில்லை.

"ரெண்டு. காலைல போனப்ப ஒண்ணு, இப்ப வந்தப்ப ஒண்ணு."

அவள் எழுந்தாள். மத்தியான டியூட்டிக்கு ஆள் இல்லையென்று பழைய ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்களாம், அங்கேயே போகிறேன் என்றாள். கோப்பைப் பைக்குள் திணித்தாள். பூங்கொத்தை என் கையில் வைத்தாள்.

"இந்தா. இது உனக்குச் சேர வேண்டியது."