வாத்தியார் இல்லாத வகுப்பு

"நீ காப்பி அடிச்சியா, தம்பி?"

மாலையைச் சவப்பெட்டியின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்த பழைய மாணவன் விமலனுக்கு ஒன்றும் புரியவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் கேட்கிற கேள்வியா இது? திலகா அவன் கையை விடவில்லை.

"சார் சோதனைத் தாளக் குடுத்துட்டு வெளிய போயிருவாருல்ல. அப்ப அடிச்சியான்னு கேக்குறேன்."

பக்கத்தில் இருந்த நாத்தனார் புனிதவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நேற்று மாலை வாசலில் செருப்பு மாட்டக் குனிந்த தம்பி சத்தியசீலன் எழுந்திருக்கவே இல்லை; இன்று தம்பி பெண்டாட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டாள். "திலகா, கொஞ்சம் சும்மா இரு" என்றாள்.

திலகாவின் புத்தி நன்றாகத்தான் இருந்தது. சும்மா இருந்தது போதும் என்றும் இருந்தது.

புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் சத்தியசீலன் வாத்தியாராக இருந்த காலத்தில், மாதச் சோதனை நடந்தால் வகுப்பில் இருக்க மாட்டார். தாளைக் கொடுத்துவிட்டு நேராகச் செம்பனை மரங்களின் ஓரத்துக்குப் போய் நின்றுகொள்வார். மணி அடித்தால்தான் திரும்புவார். "கணக்கு யாரு வேணும்னாலும் சொல்லிக் குடுப்பாங்க. ஆள் இல்லாத எடத்துல புள்ள எப்படி இருக்குது, அதான் படிப்பு" என்பார். ஆள் இல்லாத இடத்தில் எப்படி இருக்கிறது என்று யார் போய்ப் பார்ப்பதாம்? திலகா கேட்டால் சிரிப்பார்.

பெற்றோர் சும்மா விடுவார்களா? மனு எழுதினார்கள். அவரைத் தொலைவில் ராசா என்கிற ஊருக்கு மாற்றினார்கள். மாமியார் படுத்த படுக்கையாக இருந்ததால் திலகா இங்கேயே தங்க வேண்டியதாயிற்று. மகள் நித்தியா அப்பாவைச் சனி ஞாயிறில் மட்டும் பார்த்து வளர்ந்தாள். "அதுங்க உங்கள நல்லா ஏமாத்துதுங்க" என்று திலகா எத்தனை முறை சண்டைக்குப் போயிருப்பாள்! மனிதர் வாயைத் திறந்ததில்லை. ஒரு ஏமாளிக்கா வாழ்க்கைப்பட்டோம்? இது ஒன்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தப் பிள்ளைகள் இன்று வாசல் கூடாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெட்டியைத் தூக்கியதும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். அப்புறம் யாரைப் பிடித்துக் கேட்பது?

விமலன் கிள்ளானில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன். தலையைக் குனிந்துகொண்டான்.

"அடிச்சோம்மா."

"யாரப் பாத்து?"

"கண்மணியப் பாத்து. எல்லாருமே அவளத்தான் பாத்தோம்."

"கூப்புடு அவள."

கண்மணி வந்தாள். புக்கிட் செந்தோசாவில் இப்போது அவளும் ஓர் ஆசிரியை. விமலன் விஷயத்தைச் சொன்னதும் அவனை முறைத்தாள். பிறகு பெட்டியைப் பார்த்துவிட்டுத் திலகாவின் அருகில் தரையில் உட்கார்ந்தாள்.

"நாந்தான் காட்டுனேன்மா. ஆனா ஒரு தடவ நல்லா மாட்டிக்கிட்டோம். சிலந்திக்கு எத்தன கால்னு கேட்டிருந்தாரு. நான் பத்துன்னு எழுதிட்டேன். வகுப்பே பத்துன்னு எழுதிருச்சி."

திலகா இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "அவருக்குத் தெரிஞ்சிருச்சா?"

"தெரியாம எப்படிலா? பலகையில பெருசா ஒரு சிலந்தி வரைஞ்சாரு. பத்து கால் போட்டாரு. 'இது எங்கயாச்சும் ஓடுச்சினா என்னயும் கூப்புடுங்க, நானும் பாக்கணும்'னாரு. அதோட சரி. அடிக்கல, ஏசல."

"அடுத்த மாசம்?"

"அடுத்த மாசமும் தாளக் குடுத்தாரு. வெளிய போயிட்டாரு."

"தெரிஞ்சிருந்துமா?"

"ஆமாம்மா."

திலகா நினைத்து வைத்திருந்த மனிதர் வேறு. பிள்ளைகளை நம்பி, ஒன்றும் அறியாமல் செம்பனையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அப்பாவி. அந்த அப்பாவிமேல்தான் அவள் இவ்வளவு காலமும் கோபப்பட்டிருந்தாள். நேற்றிலிருந்து வராத அழுகை இப்போது முட்டிக்கொண்டு வந்தது.

"அந்த மாசம் அடிச்சீங்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். விடுகிறவளா அவள்?

"நான் காட்டல" என்றாள் கண்மணி.

"நான் எட்டிப் பாத்தேன். கைய வெச்சி மறைச்சிக்கிட்டா" என்றான் விமலன். "கொஞ்சப் பேரு கடைசி வரைக்கும் அடிச்சாங்கம்மா. பொய் சொல்ல மாட்டேன். வேற சார் வகுப்புல நானும் அடிச்சேன்."

புனிதவதிக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

திலகா கண்மணியைப் பார்த்தாள். "நீ உன் வகுப்புல வெளிய போவியா?"

"இல்லம்மா. உள்ளயேதான் நிப்பேன். பயம்."

"காப்பி அடிச்சிருவாங்கன்னா?"

கண்மணி கொஞ்சம் யோசித்தாள். "அது பரவால்லமா. அடிச்சாங்கன்னு தெரிஞ்சப்புறம் அடுத்த மாசம் மறுபடியும் வெளிய போகணும்ல. அதுக்கு என்னால முடியாது."

தேவாரம் பாடியவர்கள் முடித்துவிட்டார்கள். சடங்கு செய்கிறவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "லோரி வந்துருச்சி. வாய்க்கரிசி போடுறவங்க வாங்க" என்றார். பெண்கள் வரிசையாக வந்தார்கள். முதலில் திலகாவின் கையில் அரிசியைக் கொடுத்தார்கள்.

அவள் பெட்டியின்மேல் குனிந்தாள். நெற்றியில் விபூதி கலைந்திருந்தது, அதைச் சரிசெய்தாள். பிறகு அவர் காதருகே போய், பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி, "தெரிஞ்சேதான் போனீங்களா?" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

வரிசை காத்து நின்றது. யாரோ இருமினார்கள். புனிதவதி திரும்பி வந்து அவள் முழங்கையைத் தொட்டாள்.

"போடு திலகா. நேரமாச்சி."

திலகா அரிசியை விரல்களுக்குள் மூடிக்கொண்டாள்.

"இருங்க அண்ணி. பேசிக்கிட்டு இருக்கோம்."